சென்னையில் துப்பாக்கி உரிமம்: புதிதாக விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டி

சென்னையில் துப்பாக்கி உரிமம் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். தியாகராய நகரிலோ சௌகார்பேட்டையிலோ நகைத் தொழில் செய்து, இரவு நேரத்தில் பணத்தோடும் சரக்கோடும் வீடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. பிள்ளையைத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குத் தயார் செய்ய விரும்பும் பெற்றோர் இன்னொரு வகை. தாத்தாவோ தகப்பனாரோ காலமான பிறகு பீரோவைத் திறந்து, உள்ளே துணி சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றுதான் என்றாலும், அவர்கள் செல்ல வேண்டிய வழி வேறு வேறு. ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தேடுவதற்கு முன், தாம் இவர்களில் யார் என்பதை ஒவ்வொருவரும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அதற்கும் முன்னால் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல. 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தின் மூலம் அமெரிக்க அரசியலமைப்பு தன் குடிமக்களுக்கு அத்தகைய உரிமையை அளித்திருக்கிறது. டெக்சாஸில் வேலை பார்க்கும் உறவினர் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் அரசியலமைப்பின் 19(1)(பி) பிரிவோ, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கே உரிமை தருகிறது. உரிமம் பெறாத துப்பாக்கிகள் பெருகிவருவது குறித்து 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கவனம் செலுத்தியபோதும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் வருவதால், தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 2019இல் செய்யப்பட்ட திருத்தம் ஆகிய மூன்றுமே நாடு முழுவதற்கும் பொருந்துகின்றன.

உரிமம் என்பது தகுந்த காரணம் காட்டுபவருக்கு அரசு தரும் அனுமதி. காரணம் மறைந்தாலோ நடத்தை மாறினாலோ அதைத் திரும்பப் பெறவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கண்டிப்பு சரியானது என்பதே என் உறுதியான கருத்து. இதை மனத்தில் ஏற்றுக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள், அடுத்து வரும் விசாரணைகளை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த ஆயுதத்துக்கு உரிமம் தேவை?

தானியங்கித் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அவற்றை எவரும் வைத்திருக்க முடியாது. இவற்றோடு, ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர், .303 போன்ற குழல் அளவுகளையும் சாதாரணக் குடிமக்கள் நாடக் கூடாது. பொதுமக்களுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படுவன .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .22 ரைபிள், 12 போர் (bore) எனப்படும் குழல் அளவு கொண்ட துப்பாக்கி ஆகியவையே. இவற்றுள்ளும் சட்டம் ஒரு வேறுபாடு பார்க்கிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவரிடமும், பயிர்ப் பாதுகாப்புக்காக குழலின் வாய் வழியே வெடிமருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்பவரிடமும் ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சற்றுத் தாராளமாக நடந்துகொள்கிறது. இடுப்பில் மறைத்துச் செல்லக்கூடிய ரிவால்வரைக் கேட்பவரோ, அதற்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரியின் மனம் நிறையும்படி நிறுவ வேண்டும். முதல் விண்ணப்பத்திலேயே ரிவால்வர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஏர்கன் விஷயத்தில் மக்களிடையே நிறையக் குழப்பம் இருக்கிறது. குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டியதில்லை. விற்பவர் உங்கள் அடையாள, முகவரிச் சான்றுகளைப் பெற்றுப் பதிவு செய்துகொள்வார். இரண்டில் எந்த வரம்பைத் தாண்டினாலும் உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுப் பொம்மை ஆகிவிடாது. மொட்டைமாடியில் நின்று காக்கையையும் தெருநாயையும் குறிபார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதுமானது.

யார் விண்ணப்பிக்கலாம், என்ன காரணம் சொல்லலாம்?

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள், விடுதலையாகி ஐந்து ஆண்டுகள் முடியும்வரை உரிமம் பெற முடியாது. அமைதி காப்பதற்காக நீதிமன்றத்தில் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தவர்கள், அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை தகுதியற்றவர்கள். மனநலம் குன்றியவர் என்றோ, பொது அமைதிக்குக் கேடு வரும் என்றோ அதிகாரி கருதினாலும் மறுக்கலாம். ஆனால் சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் மறுக்கக் கூடாதென்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வசதியுள்ளவர்களுக்குத்தான் துப்பாக்கி என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காரணம்தான் விண்ணப்பத்தின் உயிர். 'உயிருக்கு ஆபத்து' என்ற இரண்டு சொற்களை எழுதிவிட்டு ஆவணம் எதுவும் இணைக்காமல் அனுப்பினால் எந்த அதிகாரியின் மனமும் நிறையாது. மிரட்டல் வந்திருந்தால் அது தொடர்பான புகார் மனு, புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சமூகப் பணிப் பதிவேட்டு (சி.எஸ்.ஆர்.) ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். தொழிலின் தன்மையே ஆபத்துக்குக் காரணமாக இருந்தால், வணிகப் பதிவு, வருமான வரிக் கணக்கு, பணத்தை எடுத்துச் செல்லும் வழக்கத்தைக் காட்டும் சான்றுகள் ஆகியவை உதவும். அண்டை வீட்டாரோடு சுவர்த் தகராறு, பங்காளிகளோடு சொத்து வழக்கு என்று எழுதுவது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். ஏற்கெனவே பகை கொதிக்கும் இடத்துக்குள் துப்பாக்கியை அனுமதிக்க எந்தப் பொறுப்புள்ள அதிகாரியும் தயங்குவார், தயங்கவும் வேண்டும். கண்காணிப்புக் கேமரா, இரவுக் காவலாளி, பணத்தை நேரே வங்கிக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றால் தீரக்கூடிய அச்சத்துக்குத் துப்பாக்கி தேவையில்லை என்பதையும் விண்ணப்பிப்பவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிண்டியும் பத்துக் கிலோமீட்டரும்

மற்றப் பெருநகரங்கள் பலவற்றில் எழாத ஒரு கேள்வி சென்னையில் எழுகிறது. கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது என்றாலும், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முழுமையாகப் பொருந்தும். அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்றும் கூறுகிறது. 35ஆம் பிரிவு இதைத் தேசியப் பூங்காக்களுக்கும் நீட்டிக்கிறது. வரைபடத்தில் கிண்டியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுப் பார்த்தால் அடையாறு, வேளச்சேரி, சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. ஆகவே இப்பகுதிகளில் வசிப்பவர்கள், வனத்துறையின் இசைவை யார் கேட்டுப் பெறுவது, தாம் தனியே மனு தர வேண்டுமா என்பதை உரிமப் பிரிவு அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது, பின்னால் கோப்பு மாதக்கணக்கில் தேங்குவதைத் தவிர்க்கும்.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். சென்னை மாநகரில் காவல் ஆணையர். பெருநகரச் சென்னைக் காவல் ஆணையர் அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. ஆவடியும் தாம்பரமும் 2022 முதல் தனி ஆணையரகங்களாக இயங்குவதால், அஞ்சல் முகவரியில் சென்னை என்று இருப்பதை மட்டும் நம்பி வேப்பேரிக்குப் போகாமல், தம் வீடு எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் வருகிறது, அந்த நிலையம் எந்த ஆணையரகத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. அதோடு வெள்ளைப் பின்னணியில் எடுத்த நான்கு புகைப்படங்கள், பிறந்த தேதிக்கான சான்று, ஆதார் அல்லது விதிகள் ஏற்கும் வேறு அடையாளச் சான்று, வசிப்பிடச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். படிவம் எஸ்-3 என்பது மருத்துவச் சான்றிதழ். உடல்நலத்தோடு மனநலத்தையும் குறிப்பிட்டுச் சொல்லும் சான்று அது. தெரிந்த மருத்துவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று இதை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம். தூக்கமின்மையோ மனச்சோர்வோ இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனம் தளர்ந்திருக்கும் ஒரு வேளையில் வீட்டில் துப்பாக்கி இருப்பது, வெளியிலிருந்து வரும் எந்தக் கொள்ளையனையும்விடப் பெரிய ஆபத்து.

துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழியையும் 2016 விதிகள் எதிர்பார்க்கின்றன. உரிமம் கிடைத்ததும் உரிமதாரரின் விவரங்கள் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு, அவருக்கென்று தனி அடையாள எண் தரப்படும். அந்த எண் இல்லாத பழைய உரிமப் புத்தகம் மட்டும் இன்று செல்லாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் காவல் விசாரணை நடக்கும். உள்ளூர்க் காவல் நிலைய அதிகாரி வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், நிலுவையில் வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார், துப்பாக்கியை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த விண்ணப்பம் பற்றி முன்கூட்டியே சொல்லி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். மனைவிக்கோ தாயாருக்கோ விருப்பமில்லாத வீட்டில் துப்பாக்கி நுழையக் கூடாதென்பது என் கருத்து. விசாரணைக்கு வரும் அதிகாரிக்கும் அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காவல்துறை 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்து 60 நாளுக்குள் உரிம அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாமதமானால், கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் நினைவூட்டுங்கள். இடைத்தரகர்களை நாட வேண்டாம்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

உரிமத்தில் குறித்த காலத்துக்குள், குறித்த வகைத் துப்பாக்கியை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, அதன் எண்ணை உரிமத்தில் பதியச் செய்ய வேண்டும். குழலில் வெட்டப்பட்டுள்ள எண்ணும் உரிமத்தில் எழுதப்படும் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். 8 என்பது 3 ஆகப் பதிவாகியிருந்தால், ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி என்ற கேள்வி எழும். தோட்டாக்களின் அளவும் உரிமத்தில் இருக்கும். அதற்கு மேல் ஒன்றுகூட வைத்திருக்கக் கூடாது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் என்று 2019 திருத்தம் குறைத்தது. முன்பு மூன்றாக இருந்தது.

வீட்டில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்து, தோட்டாக்களை வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். சாவி பூஜை அறை ஆணியில் தொங்கக் கூடாது. வெளியே எடுத்துச் செல்லும்போது கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி அதற்கான பையில் இருக்க வேண்டும். பொது இடத்தில் கையில் பிடித்துக் காட்டுவதும், திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். கொண்டாட்டத்துக்காக அஜாக்கிரதையாகச் சுட்டு மற்றவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தடைசெய்யப்பட்ட ஆயுதமானால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை. விமானப் பயணத்துக்குப் பை கட்டும்போது உள்ளறைகளையெல்லாம் உதறிப் பாருங்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டா மீனம்பாக்கத்தில் சோதனைக் கருவியில் தெரிந்தால், அன்றைய விமானத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்றாலும், அந்தக் கட்டத்தை அடைவதற்குள் படும் அலைச்சல் பெரிது.

உரிமம் இருப்பதால் சுடுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. தற்காப்பு உரிமையை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் வரையறுக்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு செய்ய அவை இடம் தருவதில்லை. ஓடும் திருடனின் முதுகில் சுட்டவர் நீதிமன்றத்தில் தற்காப்பு என்று வாதிடுவது மிகக் கடினம்.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். வங்கிக் காவலர்கள், போட்டி வீரர்கள் போன்றோர் விலக்குக் கேட்டு மனு தரலாம். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

விளையாட்டு வழியில் வருபவர்கள்

பிள்ளைகளுக்கு இந்த வழி நல்லது என்று தயங்காமல் சொல்வேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிள் பிரிவில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் போட்டியிட்டார். பத்து மீட்டர் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் 4.5 மில்லிமீட்டர் அளவு கொண்டவை. ஆற்றலும் வரம்புக்கு மிகக் கீழே. எனவே தொடக்கத்தில் உரிமத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். ஒரு சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, சங்கத்தின் ஆயுதத்திலேயே பயில்வதுதான் முறை. 21 வயது நிரம்பாதவர்களும் பயிற்சியாளரின் மேற்பார்வையில் பயில விதிகள் இடமளிக்கின்றன. பின்னாளில் .22 அல்லது 12 போர் ஆயுதத்துக்குத் தனி உரிமம் கேட்கும்போது, குறைந்தது இரண்டு ஆண்டுகள் சங்கத்தில் தொடர்ந்து ஈடுபட்டிருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் போட்டிச் சான்றிதழ்களையும் வருகைப் பதிவுகளையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். விளையாட்டுக்காகப் பெறும் உரிமம் வேட்டைக்கு அனுமதி அல்ல.

வீட்டில் கிடைத்த பழைய துப்பாக்கி

சட்டத்தை மீறும் எண்ணம் சிறிதும் இல்லாத குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். உரிமதாரர் இறந்த பின் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வீட்டில் எவருக்கும் தானாக அனுமதி வந்துவிடாது. தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. துக்க வீட்டில் இது நினைவுக்கு வராமல் போவது இயல்பு. கருமாதி முடிந்த கையோடு செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் வங்கிக் கணக்குக்கு அடுத்ததாக இதையும் எழுதிவையுங்கள்.

துப்பாக்கியைக் கண்டதும் எடுத்துத் துடைக்கவோ, குறிபார்த்துப் படம் எடுக்கவோ கூடாது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இரு குழல்களிலும் தோட்டா போட்டபடியே வைத்திருக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. பக்கத்தில் டப்பாவில் கிடக்கும் காகித உறைத் தோட்டாக்கள் சென்னையின் ஈரக்காற்றில் ஊதிப்போய், பித்தளை அடி பச்சை பிடித்திருக்கும்; அவையும் தோட்டாக்களே, கணக்கில் வருபவையே. அறையைப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டு வருவது என்று கேட்டு, அவர்கள் சொல்லும்படி செய்யுங்கள். துணியில் சுற்றி இருசக்கர வாகனத்தில் எடுத்துச் செல்ல வேண்டாம். இறப்புச் சான்றிதழின் நகல், பழைய உரிமப் புத்தகம், நடந்ததை விளக்கும் கடிதம் ஆகியவற்றைத் தந்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

வாரிசுகளில் ஒருவர் தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் தமக்கு ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தரும் பிரமாணப் பத்திரமும் தேவைப்படும்; மற்றபடி புதிய விண்ணப்பத்துக்குரிய தகுதிகளும் விசாரணையும் இவருக்கும் உண்டு. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிரம்பிய பின் அல்லது 25 ஆண்டுகள் வைத்திருந்த பின், வாரிசு ஒருவருக்கு மாற்றித் தரவும் விதிகள் வழி வைத்திருக்கின்றன. வயதான உரிமதாரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்; எழுபது வயதில் ஒரு கையெழுத்தில் முடிவது, பிறகு பிள்ளைகளுக்குக் காவல் நிலைய நடையாக மாறுகிறது. எவருக்கும் வேண்டாமென்றால், உரிம அதிகாரியின் அனுமதியோடு விற்பனையாளரிடம் விற்றுவிடலாம், அல்லது அரசிடமே ஒப்படைத்துவிடலாம்.

புதுப்பித்தல், மறுப்பு, மேல்முறையீடு

உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். காலாவதிக்குக் குறைந்தது இரண்டு மாதங்கள் முன்பே புதுப்பிக்க மனு தாருங்கள். காலாவதியான மறுநாள் முதல் அது உரிமமில்லாத துப்பாக்கியே. வேறு மாநிலத்தில் உரிமம் பெற்றுச் சென்னைக்குக் குடிவந்தவர்கள், அந்த உரிமம் தமிழ்நாட்டில் செல்லுபடியாகுமா என்று பார்த்து, இங்குள்ள உரிம அதிகாரியிடம் தாமதமின்றிப் பதிவுசெய்ய வேண்டும். துப்பாக்கி தொலைந்தாலோ திருடுபோனாலோ அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தரவேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். பொதுநலன் கருதி வெளியிடக் கூடாதவை தவிர, கேட்டால் அதன் சுருக்கத்தைத் தரவும் அவர் கடமைப்பட்டவர். அதைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள். ஆவணக் குறைபாடுதான் காரணமென்றால், குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிப்பதே விரைவான வழி. காரணம் தவறென்று உறுதியாகத் தோன்றினால், ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மறுப்பு ஆணையின் நகல், கட்டண ரசீது, முதல் விண்ணப்பத்தோடு தந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி இணைக்க வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்கவில்லையென்று கருதுபவர்கள், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.